அல்சூரில் ஒரு பிட் நோட்டீஸ் சேவை: உணவுப்பொருள் சேகரிப்போருக்கான மதிப்பீடு

பெங்களூரு அல்சூர் ஏரியைச் சுற்றியுள்ள தெருக்களில் மளிகைப் பொருள்களைச் சேகரித்துத் தேவைப்படும் குடும்பங்களுக்கு வழங்கும் பணியை எங்கள் தெருவாசிகள் குழு ஆண்டுதோறும் செய்துவருகிறது. இந்த ஆண்டு அதற்கான விளம்பரத்தை அல்சூர் பஜார் தெருவை ஒட்டிய சந்தில் இயங்கும் ஒரு சிறிய ஆஃப்செட் அச்சகத்திடமும், அந்த அச்சகத்தார் வழியாக அறிமுகமான ஒரு நாளிதழ் ஏஜெண்டிடமும் ஒப்படைத்தோம். அச்சகம் பிட் நோட்டீஸை அடித்துக் கொடுக்க, ஏஜெண்ட் அதை விடியற்காலையில் நாளிதழுக்குள் வைத்து வீடுகளுக்கு அனுப்பினார். ஒன்றில்லாமல் மற்றொன்றால் பயனில்லை என்பதால் இரண்டையும் ஒரே சேவையாகக் கொண்டு இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். இதே போன்ற பணியில் இறங்க நினைக்கும் கோயில் குழுக்களுக்கும், குடியிருப்போர் சங்கங்களுக்கும், கல்லூரி மாணவர்களுக்கும் எதற்குப் பணம் கொடுக்கலாம், எதற்குக் கொடுக்க வேண்டாம் என்பது தெரியவேண்டும் என்பதே என் எண்ணம்.

உணவுப்பொருள் சேகரிப்புக்கு நகரம் முழுவதும் பெயர் பரவவேண்டிய அவசியம் இல்லை. நகரின் இன்னொரு கோடியிலுள்ள கெங்கேரியில் இருப்பவர் நல்ல மனதோடு நம் அறிவிப்பைக் கேட்டாலும், இரண்டு கிலோ பருப்பைத் தூக்கிக்கொண்டு அல்சூருக்கு வரப்போவதில்லை. நடந்து வரக்கூடிய தொலைவில் இருக்கும் குடும்பங்களுக்கு, அவர்கள் அந்த வார மளிகை வாங்குவதற்கு முன்பாக, என்ன பொருள், எந்த அளவில், எந்த இடத்தில், எத்தனை மணிக்குள் என்ற விவரம் கையில் கிடைக்கவேண்டும். ஒரு விளம்பரச் சேவை இந்தக் காரியத்தைச் செய்கிறதா என்பதையே நான் அளவுகோலாக எடுத்துக்கொண்டேன். அந்த வகையில் நாளிதழுக்குள் வைக்கும் நோட்டீஸுக்கு இணையான வேறு வழியை இந்தப் பகுதியில் நான் காணவில்லை.

முன்பெல்லாம் தெருமுனையில் ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் கட்டினால் வேலை முடிந்துவிடும். பொது இடங்களில் கண்டபடி பேனர் வைப்பதைத் தடுக்கும் சட்டம் கர்நாடகத்தில் 1981 முதலே இருந்தாலும், 2018 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் கண்டிப்புக் காட்டிய பிறகுதான் மாநகராட்சி ஆயிரக்கணக்கான பேனர்களை அகற்றியது. இன்றும் அரசியல் கட்சிகளின் பேனர்கள் ஆங்காங்கே முளைப்பது உண்மைதான். ஆனால் பசித்தவருக்காகப் பொருள் கேட்கும் ஒரு குழு சட்டத்தை மீறிய பேனரின் கீழே நின்று கேட்பது முறையாகாது. எனவே பேனர் யோசனையை நாங்கள் எடுத்த எடுப்பிலேயே கைவிட்டோம்.

அச்சகத்தைப் பற்றி முதலில் சொல்கிறேன். பெங்களூரில் அச்சு வேலை என்றாலே சுல்தான்பேட்டையையும் காட்டன்பேட்டையையும் சொல்வார்கள். கல்யாணப் பத்திரிகை, காலண்டர், பில் புத்தகம் என்று எல்லாவற்றுக்கும் அங்கே கடைகள் வரிசையாக இருக்கின்றன, விலையும் சற்றுக் குறைவு. இருந்தும் நாங்கள் அல்சூரிலேயே கொடுத்ததற்குக் காரணம், அச்சடிப்பதற்கு முன் பிழை பார்க்கத் தரும் மாதிரித் தாளான புரூஃபைப் பார்க்க எங்கள் குழுவின் மூத்த உறுப்பினர்கள் நடந்தே போய்வர முடியும் என்பதுதான். மூன்று மொழிகளில் அமையும் நோட்டீஸுக்குப் புரூஃபை ஒருமுறை பார்த்தால் போதாது. அதைப் பல கண்கள் பார்க்கவேண்டும்.

மூன்று மொழிகள் எதற்கு என்று குழுவுக்குள்ளேயே ஒரு விவாதம் நடந்தது. அல்சூரிலும் அருகிலுள்ள மர்ஃபி டவுனிலும் ஜோகுபாளையாவிலும் தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் வாழ்கிறார்கள் என்பதால் தமிழ் மட்டும் போதும் என்று சிலர் கருதினார்கள். ஆனால் இங்கே பிறந்து வளர்ந்த பல தமிழ்ப் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசினாலும், படித்தது கன்னட வழியிலோ ஆங்கில வழியிலோதான். தாத்தா தமிழில் படிப்பார், பேரன் கன்னடத்தில் படிப்பான், இருவரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். அக்கம்பக்கத்துக் கன்னட, தெலுங்கு, உருதுக் குடும்பங்களும் எங்களோடு சேர்ந்து கொடுக்கிறவர்கள். ஆகவே கன்னடத்தை மேலே வைத்து, அதற்குக் கீழே அதே அளவு எழுத்தில் தமிழை வைத்து, அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்காக ஆங்கிலத்தில் நான்கு வரியைக் கடைசியில் சேர்த்தோம். இந்த ஊரில் பொதுவில் ஒன்றை அறிவிக்கும்போது கன்னடம் முதலில் வருவதே முறை. அதை மனதாரச் செய்தோம் என்பதைப் படிப்பவர்களும் உணர்ந்தார்கள்.

அச்சகத்தில் எங்களுக்கு ஏற்பட்ட பெரிய தொல்லை எழுத்துருவால் வந்தது. நாங்கள் செல்பேசியில் தட்டச்சு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பிய தமிழ்ப் பகுதியை, அச்சகத்தின் பழைய வடிவமைப்பு மென்பொருளில் ஒட்டியதும் எழுத்துகள் சிதறிப்போயின. 'பொருள்' என்ற சொல்லில் பகரத்துக்கு முன்னால் நிற்கவேண்டிய ஒற்றைக்கொம்பு அதற்குப் பின்னால் போய் நின்றது, காலோ ஒரு வட்டத்தோடு தனியே தொங்கியது. கன்னடப் பகுதியிலும் இதே கதைதான். 'அக்கி', 'எண்ணெ' ஆகிய சொற்களில் எழுத்துக்கு அடியில் வரவேண்டிய ஒத்தெழுத்து, பக்கத்தில் முழு எழுத்தாக உட்கார்ந்துகொண்டது. அரிசியும் எண்ணெயுமே நோட்டீஸின் உயிரான சொற்கள் என்பதால் இதை அப்படியே விட்டுவிட முடியாது. அச்சகத்தில் கணினியில் பக்கம் அமைக்கும் டிடிபி வேலை செய்பவர், தமிழ்ப் பகுதியைத் தம்மிடமிருந்த பழைய எழுத்துருவில் முதலிலிருந்து தாமே அடித்தார், கன்னடத்தை நுடி எழுத்துருவில் அமைத்தார். அந்த உழைப்புக்கு அவர் தனிக் கட்டணம் கேட்கவில்லை. இருந்தாலும், செல்பேசிகளும் கணினிகளும் இன்று பொதுவாகப் பயன்படுத்தும் யூனிகோடு எழுத்தை ஏற்கும் மென்பொருளுக்கு அந்த அச்சகம் மாறவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. திரும்ப அடிக்கும்போது எண்களில் தவறு நேரும் வாய்ப்பு அதிகம். எங்கள் முதல் புரூஃபில் தொடர்பு எண்ணின் இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருந்தன. அதை எங்கள் குழுவின் ஓய்வுபெற்ற தபால் ஊழியர் கண்டுபிடித்தார். அச்சிட்ட எண்ணைப் படித்துப் பார்த்தால் மட்டும் போதாது, அந்த எண்ணுக்கு ஒருமுறை அழைத்துப் பார்த்த பிறகே 'அடிக்கலாம்' என்று சொல்லவேண்டும்.

தாள் விஷயத்தில் அச்சக உரிமையாளர் கொடுத்த ஆலோசனை எங்களுக்குப் பணத்தையும் மிச்சப்படுத்தியது, பலனையும் கூட்டியது. பளபளப்பான ஆர்ட் பேப்பரில் நான்கு வண்ணத்தில் அடிக்கவேண்டும் என்பது எங்கள் இளைஞர்களின் ஆசையாக இருந்தது. அவர் அதை ஏற்கவில்லை. "ஆர்ட் பேப்பர் வேண்டாங்க்கா, அது வழுக்கும். பையன் கீழ இருந்து மாடிக்கு வீசும்போது பேப்பர் ஒரு பக்கம் போகும், நோட்டீஸ் ஒரு பக்கம் போகும். மேப்லித்தோன்னா உள்ளயே ஒட்டிக்கிட்டு நிக்கும்," என்றார். சொரசொரப்பான 70 ஜிஎஸ்எம் மேப்லித்தோ தாளில், ரோஸ் நிறத்தில், கறுப்பு மையில் ஒரே வண்ணமாக அடித்தோம். மங்கிய நாளிதழ்த் தாளுக்கு நடுவே அந்த ரோஸ் நிறம் உடனே கண்ணில் பட்டது. அதில் பேனாவால் எழுத முடிந்தது இன்னொரு நன்மை. சேகரிப்பு நாளன்று பல இல்லத்தரசிகள் நோட்டீஸைக் கையிலேயே கொண்டுவந்தார்கள். கொடுக்க நினைத்த பொருள்களின் எதிரே பேனாவால் குறியிட்டிருந்தார்கள். ஒருவர் அதன் ஓரத்தில் தம் வீட்டு மளிகைக் கணக்கையே எழுதிவைத்திருந்தார். வழவழப்பான தாளில் இது நடந்திருக்காது.

ஒற்றை வண்ண அச்சில் பிளேட் (அச்சுத் தகடு) போடும் செலவு ஆயிரம் அடித்தாலும் ஐயாயிரம் அடித்தாலும் ஒன்றுதான். எண்ணிக்கை கூடக் கூடத் தாளொன்றின் விலை இறங்கும். ஆயிரத்துக்குக் குறைவாக வேண்டுவோருக்கு ஆஃப்செட் கட்டுப்படியாகாது. அவர்கள் ஜெராக்ஸ் கடைக்குப் போவதே நல்லது.

நோட்டீஸில் என்ன எழுதுவது என்பதில் அச்சகம் தலையிடுவதில்லை, தலையிடவும் வேண்டாம். ஆனால் இந்தச் சேவைக்கு ஆகும் பணம் பயன்படுவதும் வீணாவதும் அந்த வாசகத்தைப் பொறுத்ததே என்பதால் அதைப் பற்றிச் சற்று விரிவாக எழுதுகிறேன். 'உணவுப்பொருள் கொடுத்து உதவுங்கள்' என்று பொதுவாகக் கேட்டால் வீடுகளிலிருந்து வருவது பெரும்பாலும் அரிசிதான். தானம் என்றால் அரிசி என்பது நம் மக்களின் மனதில் ஊறிப்போன எண்ணம். ஆனால் கர்நாடகத்தில் 2013-இல் அன்னபாக்யா திட்டம் தொடங்கியதிலிருந்து பி.பி.எல். (வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளோருக்கான) அட்டை வைத்திருக்கும் குடும்பங்களுக்கு ரேஷன் கடையில் அரிசி கிடைத்துவிடுகிறது. அவர்கள் கையைக் கடிப்பது துவரம்பருப்பும் எண்ணெயும் புளியும்தான். இன்னொரு பக்கம், ராய்ச்சூர், கலபுரகி பகுதிகளிலிருந்தும், நம் திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்தும், பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் கட்டட வேலைக்கு வந்து தகரக் கொட்டகைகளில் தங்கியிருப்பவர்களில் பலர், ரேஷன் அட்டையைச் சொந்த ஊரிலேயே விட்டுவிட்டு வந்தவர்கள். அவர்களுக்கு அரிசியும் கோதுமை மாவும் வேண்டும். இந்த வேறுபாட்டை நாங்கள் நேரில் விசாரித்து அறிந்த பிறகே பட்டியலை முடிவு செய்தோம்.

எனவே நோட்டீஸில் முதலிடம் துவரம்பருப்புக்கும் ஒரு லிட்டர் எண்ணெய்ப் பாக்கெட்டுக்கும் போனது. அரிசியும் மாவும் பிரிக்காத ஐந்து கிலோ பையாக மட்டும் வேண்டும் என்றும், பாக்கெட்டில் அச்சிட்ட காலக்கெடு முடிய இன்னும் மூன்று மாதமாவது இருக்கவேண்டும் என்றும் தெளிவாகச் சொன்னோம். சமைத்த உணவை ஏற்க இயலாது என்பதையும் எழுதினோம். மிஞ்சிய சமைத்த உணவைச் சேகரித்து வழங்குவதற்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019-இல் தனி ஒழுங்குமுறைகளை வகுத்திருக்கிறது. குளிர்பதன வசதியோ பதிவோ இல்லாத ஒரு தெருக்குழு அதில் கைவைக்கக்கூடாது. பணம் பெறப்படமாட்டாது என்ற வரியைக் கட்டம் கட்டிப் போட்டோம். வரிவிலக்கு உண்டா என்று கேட்பவர்கள் எப்போதும் இருப்பார்கள். பொருளாகக் கொடுக்கும் நன்கொடைக்கு வருமான வரியில் கழிவு கிடையாது என்பதால் அவர்களுக்குச் சொல்லவேண்டிய பதிலும் எளிதாகிவிட்டது. பணம் கேட்கவில்லை என்ற ஒரே காரணத்தால் எங்களை நம்பியதாகப் பலர் சொன்னார்கள்.

முகவரிக்குத் தெருப்பெயரையும் கட்டட எண்ணையும் மட்டும் நம்பக்கூடாது. ஹலசூரு (அல்சூரின் கன்னடப் பெயர்) மெட்ரோ நிலையத்திலிருந்து எந்தப் பக்கம் திரும்பவேண்டும், திருவள்ளுவர் சிலையிலிருந்து எவ்வளவு தூரம் நடக்கவேண்டும் என்று எழுதினோம். 1991-இல் நிறுவப்பட்டு, பதினெட்டு ஆண்டுகள் துணியால் மூடிக் கிடந்து, 2009 ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்பட்ட அந்தச் சிலையைத் தெரியாத ஆட்டோ ஓட்டுநர் இந்தப் பகுதியில் இல்லை. வயதானவர்கள் வழி கேட்டு அலையாமல் வந்து சேர இது உதவியது.

இனி ஏஜெண்டின் பகுதிக்கு வருகிறேன். நாளிதழ்க் கட்டுகள் வேனில் வந்து இறங்குவது விடியற்காலை நான்கு மணியளவில். பேப்பர் போடும் பையன்கள் மூடிய கடைகளின் முன்திண்ணையில் தெருவிளக்கு வெளிச்சத்தில் கட்டுகளைப் பிரித்து, முதன்மைத் தாளுக்குள் சப்ளிமெண்டை வைப்பார்கள். சப்ளிமெண்டோடு சேர்ந்து நோட்டீஸும் உள்ளே போகும். எங்கள் நோட்டீஸ் போன நாளில் குழுவிலிருந்து இருவர் அங்கே போய் நின்று பார்த்தோம். அந்தப் பையன்களின் கைவேகத்தைப் பார்த்தால்தான் நம்ப முடியும். இடது கை தாளை விரிக்க, வலது கை நோட்டீஸைச் செருக, அடுத்த நொடியில் தாள் மடிந்து அடுக்கில் ஏறிவிடுகிறது. அதன்பின் லைன் லைனாக, அதாவது ஒரு பையன் போடும் தெருக்கள் வாரியாகப் பிரித்து, சைக்கிளிலும் ஸ்கூட்டரிலும் ஏற்றிக்கொண்டு ஆறரை மணிக்குள் வீடுகளில் போட்டு முடிக்கிறார்கள். தினத்தந்தி, தினகரன், தினமணி, பிரஜாவாணி, விஜய கர்நாடகா, ஆங்கிலத் தாள்கள் என்று எந்த வீட்டுக்கு எது போகிறது என்பது அவர்கள் மனதில் பதிந்திருக்கிறது. எந்தத் தாளுக்குள் வைப்பது என்று ஏஜெண்ட் எங்களிடம் கேட்டார். தமிழ், கன்னடத் தாள்கள் அனைத்துக்குள்ளும், ஆங்கிலத் தாள்களில் ஏரியை ஒட்டிய லைன்களுக்கு மட்டும் என்று முடிவு செய்தோம். நோட்டீஸில் மூன்று மொழிகளும் இருந்ததால் கட்டுகளைப் பிரித்து அடுக்கும் வேலை மிச்சமானது.

எந்தக் கிழமையில் போடுவது என்பதில் அவர் சொன்னதை அப்படியே கேட்டுக்கொண்டோம். சனி, ஞாயிறுகளில் நகைக்கடை, மனை விற்பனை, டியூஷன் சென்டர் நோட்டீஸ்கள் குவிந்துவிடும். வீட்டுக்காரர் மொத்தமாக உருவி எடுத்துக் குப்பையில் போட்டுவிடுவார். ஞாயிற்றுக்கிழமை சேகரிப்புக்கு வியாழக்கிழமை காலை நோட்டீஸ் போனால், இரண்டு நாள் சாப்பாட்டு மேசையில் கிடக்கும், சனிக்கிழமை மளிகைக்கடைக்குப் போகும்போது நினைவுக்கு வரும். வரமகாலட்சுமி பூஜை வாரத்தையும் ஆயுத பூஜை, தீபாவளி வாரங்களையும் அவர் முழுவதுமாகத் தவிர்க்கச் சொன்னார். அந்த வாரங்களில் பட்டுப்புடவைக் கடைகளின் நோட்டீஸே தாளைவிடக் கனமாக இருக்குமாம்.

குறை ஒன்றையும் சொல்லியாகவேண்டும். மர்ஃபி டவுன் பக்கத்து இரண்டு தெருக்களுக்கு நோட்டீஸ் போய்ச்சேரவில்லை. அந்த லைனை எடுக்கும் பையன் அன்று வராததால் வேறொருவர் தாளை மட்டும் எடுத்துப் போட்டுவிட்டார், நோட்டீஸ்க் கட்டு திண்ணையிலேயே கிடந்தது. அந்தத் தெருவில் இருக்கும் எங்கள் உறுப்பினர் காலையிலேயே தெரிவித்ததால் விஷயம் உடனே வெளியே வந்தது. ஏஜெண்ட் மறுக்கவும் இல்லை, சாக்குச் சொல்லவும் இல்லை. மறுநாள் தாமே அந்த லைனில் போய்ப் போட்டார், அந்தப் பகுதிக்கான கட்டணத்தையும் வாங்க மறுத்துவிட்டார். நாங்கள் வற்புறுத்திப் பாதியைக் கொடுத்தோம். நோட்டீஸ் போய்ச்சேர்ந்ததற்கு ரசீதோ வேறு சான்றோ கிடையாது என்பது இந்தச் சேவையின் பெரிய பலவீனம். ஒவ்வொரு லைனிலும் நமக்குத் தெரிந்த ஒரு வீடாவது இருக்கும்படி பார்த்துக்கொண்டு, அன்று காலையே அவர்களிடம் கேட்டறிவதுதான் இதற்கு வழி.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இந்தச் சேவைக்கு வலு குறைவு. பல குடும்பங்கள் தாள் வாங்குவதை நிறுத்திவிட்டன. வாங்கும் வீடுகளுக்கும் காவலாளி அறையில் வைத்துவிட்டுப் போகச் சொல்கிறார்கள். அங்கே குடியிருப்போர் பயன்படுத்தும் மைகேட் போன்ற செயலியில் சங்கப் பொறுப்பாளர் ஓர் அறிவிப்பைப் போட்டால் எல்லா வீடுகளுக்கும் போய்விடுகிறது. அதற்குக் காசும் இல்லை, பொறுப்பாளரின் நம்பிக்கையைப் பெற்றால் போதும். நோட்டீஸின் படத்தையே அவர்களுக்கு அனுப்பினோம். லிஃப்ட் அருகே ஒரு அட்டைப்பெட்டி வைத்துப் பொருள்களை வாங்கிக்கொள்ளவும் இரண்டு குடியிருப்புகள் முன்வந்தன.

மற்ற விளம்பர வழிகளில் நாங்கள் ஆராய்ந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டுவதற்குக் காவல்துறை அனுமதி வேண்டும். ஒலி மாசு விதிகள் 2000-இன்படி குடியிருப்புப் பகுதியில் பகல் நேர அளவு 55 டெசிபல்தான். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டருக்கு அமைதி மண்டலம். எங்கள் பகுதியில் தெருவுக்கு ஒரு பள்ளி இருப்பதால் ஆட்டோ வழியெல்லாம் வாயை மூடிக்கொண்டேதான் போகவேண்டியிருக்கும். உள்ளூர் கேபிள் நிறுவனம் ஒன்றில் திரையின் அடியில் ஓடும் வரிக்குப் பணம் கட்டினோம். தேதியைத் தவறாகப் போட்டு ஒரு நாள் முழுவதும் ஓடவிட்டார்கள், தொலைபேசியில் சொல்லியும் மாலைவரை திருத்தவில்லை. டிடிஎச்சுக்கும் இணையத்துக்கும் வீடுகள் மாறிவிட்ட காலத்தில் அந்த வரியைப் பார்த்தவர்களும் குறைவாகவே இருந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். அடுத்த முறை அந்தச் செலவு இல்லை.

தனியார் எஃப்எம் நிலையங்கள் நகரம் முழுவதற்கும் ஒலிப்பவை, கட்டணமும் அதற்கேற்றாற்போல். சமுதாய வானொலி அப்படி அல்ல. 100 வாட் திறனுக்குள் இயங்கும் அந்த நிலையங்களின் எல்லை சில கிலோமீட்டர்தான் என்பது நம் பணிக்குப் பொருத்தம். பெங்களூரில் ஜெயின் கல்விக் குழுமத்தின் ரேடியோ ஆக்டிவ் 2007 முதல் 90.4 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்பி வருகிறது. உங்கள் பகுதிக்கு அருகில் இத்தகைய நிலையம் ஒன்று இருந்தால், ஒரு மாதத்துக்கு முன்பே அணுகுவது நல்லது.

நாளிதழ்களின் 'இன்றைய நிகழ்ச்சிகள்' பகுதியில் இடம் கேட்பதற்குச் செலவே இல்லை. விளம்பரப் பிரிவுக்குப் போகாமல் செய்திப் பிரிவுக்கு, ஒரு பக்கத்துக்குள், இடம், நேரம், பொருள்பட்டியல், தொடர்பு எண் ஆகியவற்றோடு எழுதி அனுப்பவேண்டும். ஒரு தமிழ்த் தாளில் நிகழ்ச்சிக்கு முன்தினமே வந்தது, இன்னொன்றில் முடிந்த பிறகு படத்தோடு வந்தது. முடிந்த பிறகு வந்த செய்தியால் அந்த ஆண்டு பொருள் கூடவில்லை என்றாலும், அடுத்த ஆண்டு ஒரு பள்ளியிலோ கடையிலோ ஆதரவு கேட்கப் போகும்போது காட்டுவதற்கு அந்தக் கத்தரிப்பு உதவும் என்பதால் எடுத்து வைத்திருக்கிறோம்.

சேகரிப்பு நாளில் வந்தவர்களிடம் எப்படித் தெரிந்துகொண்டீர்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டோம். பெரும்பாலோர் சொன்னது ரோஸ் நோட்டீஸைத்தான். அதைவிட முக்கியம், கேட்ட பொருளே வந்தது. சென்ற ஆண்டு பெட்டி பெட்டியாக வந்த உதிரி அரிசியைச் சலித்து, வண்டு பார்த்துப் பிரிப்பதிலேயே மாலைப்பொழுது கழிந்தது. இந்த ஆண்டு பருப்பும் எண்ணெயும் மூடிய பாக்கெட்டுகளாக வந்து, பிற்பகலுக்குள் குடும்பவாரியாகப் பைகளில் கட்டி முடித்துவிட்டோம். எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி நோட்டீஸைக் காட்டி, "இதுல போட்ட மாதிரியே வாங்கிட்டு வந்தேன், தேதியும் பாத்துட்டேன்," என்று பாக்கெட்டின் பின்புறத்தைத் திருப்பிக் காட்டினாள். அவள் அந்தப் பட்டியலைப் படித்தது கன்னடத்தில்.

கட்டணத்தைப் பொறுத்தவரை, செருகிப் போடுவதற்குத் தாளொன்றுக்குப் பைசாக் கணக்கில்தான் ஆகிறது. அச்சுக்கூலியையும் சேர்த்தால்கூட, கேபிள் வரிக்கு நாங்கள் கட்டிய தொகையைவிடச் சற்றுத்தான் கூடுதல். முன்பணமாகப் பாதி, வேலை முடிந்தபின் மீதி என்பது இரு இடத்திலும் வழக்கம். பையன்களுக்குத் தனியாக ஏதேனும் கொடுக்கவேண்டும் என்று ஏஜெண்ட் கேட்கவில்லை. ஆனால் நான்கு மணிக்கு எழுந்து நம் தாளைத் தொட்டுச் செருகுகிறவர்கள் அவர்கள்தான் என்பதால், அன்று காலை டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்து, கையிலும் ஒரு தொகை கொடுத்தோம். அது நியாயமான செலவு.

அச்சகத்துக்குச் சேகரிப்பு நாளுக்கு இரண்டு வாரம் முன்பே போய்விடுங்கள். ஏஜெண்டிடம் ஒரு வாரம் முன்பாகச் சொல்லி, வேறு கடைகளின் நோட்டீஸ் அதே நாளில் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அச்சடித்ததில் இருநூறு தாளையாவது தனியே எடுத்துவைப்பது நல்லது. நந்தினி பால் பூத், இஸ்திரி வண்டி, மளிகைக்கடைக் கல்லா ஆகிய மூன்று இடங்களில் அவற்றை வைத்தோம். தாளே வாங்காத வீடுகளிலிருந்து வந்தவர்களில் பலர் நோட்டீஸை எடுத்தது பால் பூத்தில். அடுத்த முறை அங்கே வைக்கும் கட்டை இருமடங்காக்கச் சொல்லி அச்சகத்தாரிடம் இப்போதே தெரிவித்துவிட்டோம்.